ஆத்மநாதன் நடத்திய மனநல முகாம்

டாக்டர் ஆத்மநாதன் என்றதும் ஊசி போடுகிற டாக்டர் என்று நினைத்துவிடாதீர்கள், பிள்ளைகளா. அவர் மனை விற்றவர். கீரனூர் போகிற சாலையில் கலர் கொடி கட்டிக் கல் நட்டு விற்றுக்கொண்டிருந்தார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு ஹோட்டலில், யாரும் கேள்விப்படாத ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி, கறுப்பு அங்கி மாட்டிச் சதுரத் தொப்பி வைத்து அவருக்கு ஒரு பட்டம் கொடுத்தார்கள். கட்டணம் கட்டினவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். அன்றைக்கு அவரோடு பட்டம் வாங்கினவர்களில் ஒரு பந்தல்காரரும் இருந்தார். அந்த மனுஷன் மறுநாளே பந்தல் போடப் போய்விட்டார். இவர் மட்டும் டாக்டராகவே ஊர் திரும்பினார்.

டாக்டரானால் நோயாளி வேண்டாமா? உடம்புக்கு வைத்தியம் பார்த்தால் போலீஸ் வரும். மனசுக்குப் பார்த்தால் யார் கேட்கப்போகிறார்கள்? விலை போகாமல் கிடந்த ஒரு மாடி வீட்டைக் காப்பகமாக்கினார். முதலில் வயசானவர்களை வைத்துப் பார்த்தார். அவர்கள் இருமினார்கள், இரண்டு பேர் செத்தும் போனார்கள். அதில் போட்டோ அழகாக வரவில்லை. அப்புறம் யாரோ சொன்னார்கள், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட திருநங்கைப் பிள்ளைகளை வைத்தால் பத்திரிகைக்காரர்கள் தேடி வருவார்கள் என்று. ஆறு பிள்ளைகளைச் சேர்த்தார். வாசலில் பெயர்ப்பலகை வைத்தார். பலகையில் அவர் பெயர் ஒரு முழத்துக்கு இருந்தது. யாருக்கான காப்பகம் என்பது அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதியிருந்தது.

அந்த ஆறு பேரில் ரஞ்சிதாவும் ஒருத்தி. பத்தொன்பது வயசு. அறந்தாங்கிக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா வளைகுடா நாட்டில் வேலை. வீட்டு அதிகாரம் தாய்மாமன் பிச்சைமுத்து கையில். இவள் பெண்ணாக நடக்கிறாள், முடி வளர்க்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கு, இரண்டு ஆட்களை வைத்துப் பிடித்துக்கொண்டு, கொட்டகையில் கிடந்த கத்தரிக்கோலால் அவள் முடியை வெட்டினான் அந்த வீரன். மறுநாள் அவள் உயிரை விடப் பார்த்தாள். அக்கம்பக்கத்தார் காப்பாற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கிருந்து அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. நாலு மாசம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். படுத்தால் யாராவது வருவார்கள் என்று பயம்.

அவளைத் திரும்ப மனுஷியாக்கியது அரசு ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகராக இருக்கிற வைஷ்ணவி. வைஷ்ணவி பெரிய பேச்செல்லாம் பேச மாட்டாள். எத்தனை மணிக்குத் தூங்கின, எத்தனை மணிக்கு முழித்த, என்ன சாப்பிட்ட என்று கேட்பாள், எழுதிக்கொள்வாள். மனநல மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை எப்படிப் போடுவது என்று சொல்லிக் கொடுப்பாள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வரச் சொல்வாள். இவ்வளவுதான் அவள் செய்தது. ஆறேழு மாசத்தில் ரஞ்சிதா சிரிக்க ஆரம்பித்தாள். முடி தோளுக்கு வந்தது. எண்ணெய் தேய்த்துச் சின்னதாக ஒரு பின்னல் போட்டுக்கொண்டாள்.

தங்க இடம் வேண்டும் என்பதால்தான் வைஷ்ணவி அவளை ஆத்மநாதனின் காப்பகத்தில் சேர்த்தாள். சேர்க்கும்போது இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டாள்.

"சார், மாத்திரை ஒரு நாளும் விட்டுப்போகக் கூடாது. அப்பறம், இந்தப் பிள்ளை மொகத்த வெளிய எங்கயும் போட்ராதீங்க. வீட்டு ஆளுகளுக்குப் பயந்து இருக்கு."

"அதெல்லாம் எங்கிட்டச் சொல்லணுமாம்மா? நானும் டாக்டர்தானே" என்றார் ஆத்மநாதன். சிரிக்காமல் சொன்னார் என்பதைக் கவனியுங்கள்.

அவருடைய வைத்தியம் காலை ஆறு மணிக்குத் தொடங்கும். ஆறு பேரையும் வரிசையாக உட்கார வைத்து, "மனசுதான் வீடு. மனசுல வீடு இருக்கிறவனுக்கு வெளியில வீடு எதுக்கு?" என்று ஒரு மணி நேரம் பேசுவார். அவருக்கு வெளியில் மூன்று வீடு இருந்தது. ஒருமுறை மனமகிழ்ச்சிச் சுற்றுலா என்று சித்தன்னவாசலுக்கு வேனில் கூட்டிப் போனார். உச்சி வெயிலில் பாறைமேல் ஏற்றி, துறவிகள் படுத்திருந்த கல்படுக்கையைக் காட்டி, கண்ணை மூடித் தியானம் செய்கிற மாதிரி உட்காரச் சொல்லிப் படம் எடுத்தார்.

பாறை கால் வைக்க முடியாமல் கொதித்தது. ரஞ்சிதாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காப்பகத்துத் தோழி திலகவதி கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள். "படுக்க எடமில்லாம வந்தவளுகளுக்குக் கல்லுக் கட்டிலக் காட்றாரு பாருடி. இதுல தலகாணி வேற செதுக்கிருக்கு. இன்னைக்கே குடி வந்துருவமா?"

ரஞ்சிதா சிரித்துவிட்டாள். அந்தப் படத்தில் அவள் மட்டும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

அந்தப் படத்தைத்தான் அவர் பிளெக்ஸில் போட்டார்.

நம் பக்கத்துச் சங்கதி உங்களுக்குத் தெரியாததில்லை. காது குத்தினாலும் பிளெக்ஸ், செத்தாலும் பிளெக்ஸ். அதில் முகம் விட்டுப்போனவன் ஆறு மாசம் பேச மாட்டான். முகத்தைப் போடுவதுதான் ஒருத்தருக்குச் செய்கிற உச்ச மரியாதை என்று ஆத்மநாதன் உண்மையாகவே நம்பினார். ஒரு மனுஷப்பிறவி முகம் தெரியாமல் இருப்பதற்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கலாம் என்பது அந்தச் சதுரத் தொப்பிக்குள் நுழையவே இல்லை. 'வீடற்ற திருநங்கை இளையோருக்கான மாபெரும் மனநல முகாம்' என்று போட்டு, மோவாயில் கை வைத்து யோசிக்கிற மாதிரி தன் படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே அந்தப் படத்திலிருந்து ஆறு பிள்ளைகளின் முகத்தையும் வட்டம் வட்டமாக வெட்டிப் போட்டார். பன்னிரண்டு பிளெக்ஸ். அதில் இரண்டு அறந்தாங்கிக்கு.

ரஞ்சிதா அச்சாகி வந்த அன்றைக்கே பார்த்துவிட்டாள். அவர் முன்னால் போய் நின்றாள்.

"அய்யா, அறந்தாங்கியில மட்டும் வைக்காதீங்கய்யா."

"ஏம்மா? சொந்த ஊருல ஒனக்குப் பெருமை வேண்டாமா?"

"வேண்டாங்கய்யா."

"இதான் தாழ்வு மனப்பான்மைங்கறது. இதுக்குத்தான் முகாமே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் பிளெக்ஸில் இருந்த நம்பருக்குப் பிச்சைமுத்து பேசினான். அவன் சொன்ன கதை இது. ரஞ்சிதாவின் தங்கை சரண்யாவுக்கு இடம் கூடிவந்திருக்கிறது. மாப்பிள்ளை கீரனூர், திருச்சிக்குத் தினம் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர். ஆவணியில் பரிசம். இந்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் பிளெக்ஸைப் பார்த்துவிட்டார்கள், சம்பந்தமே முறியும்போல இருக்கிறது. பையன் திரும்பி வந்து, குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டு, வேட்டி சட்டையோடு பரிசத்தில் அண்ணனாக நின்றால் போதும். எல்லாம் சரியாகிவிடும்.

"பரிசம் முடிஞ்சதும் எங்கிட்டு வேணா போய்க்கிறட்டுங்க. நாங்க கேக்க மாட்டோம்" என்றும் சொன்னான். குடும்பப் பாசம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை அவன் ஒளிக்கவில்லை. அந்த ஒரு யோக்கியதை அவனிடம் இருந்தது.

ஆத்மநாதனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முகாம் மேடையில் தாயும் பிள்ளையும் கட்டிப்பிடித்து அழுவார்கள், தான் நடுவில் நின்று இரண்டு பேர் தலையிலும் கை வைப்பார், மறுநாள் பேப்பரில் படம் வரும். ரஞ்சிதாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் கேட்டது ஒன்றுதான்.

"மொட்டை போடணுமாங்கய்யா?"

"முடிதானேம்மா. வளராதா? தங்கச்சி வாழ்க்கை பெருசா, முடி பெருசா?"

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். ரஞ்சிதாவுக்கும் அப்படித்தான் இருந்தது. சரண்யாவை இடுப்பில் வைத்துத் தூக்கி வளர்த்தவள் அவள். ஆனால் போன தடவை முடி போன மறுநாள் தன் புத்தி எங்கே போய் நின்றது என்பதும் அவளுக்குத்தான் தெரியும். அந்த இடத்துக்கு மறுபடி போனால் திரும்பி வருவோமா என்று அவளுக்கே நிச்சயமில்லை. முடியாது என்றாள்.

எதிர்த்துப் பேசாத பிள்ளை எதிர்த்துப் பேசியதும் ஆத்மநாதன் நோயைக் கண்டுபிடித்துவிட்டார். மாத்திரைதான் காரணம். அது மூளையை அடிமையாக்குகிறது. மாத்திரைப் பையை வாங்கித் தன் அறைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். ஆறு பேரின் போனையும் வாங்கி அதே பீரோவில் போட்டார். அதற்கு 'டிஜிட்டல் விரதம்' என்று பெயர் வைத்தார். மனை விற்ற காலத்திலிருந்தே அவருக்குப் பெயர் வைக்க நன்றாக வரும். தண்ணீர் தேங்குகிற பள்ளத்துக்கு 'லேக் வியூ நகர்' என்று வைத்தவர்.

சட்டென்று நிறுத்தக்கூடாத மாத்திரை அது. ரஞ்சிதாவுக்குத் தூக்கம் போனது. இரண்டாம் நாள் கை நடுங்கியது. நாலாம் நாள் சோறு இறங்கவில்லை. அதற்கப்புறம் யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்க ஆரம்பித்தாள். ஆத்மநாதன் வந்து பார்த்துவிட்டு, "விஷம் வெளியேறுது, நல்ல அறிகுறி" என்றார்.

திலகவதிதான் அவள் பக்கத்திலேயே கிடந்தாள். "ஏன்டி, வேணும்னா எந் தலைய மொட்டையடிச்சு ஒந் தங்கச்சிக்கு அண்ணனா நிக்கட்டுமா? வேட்டி எனக்கு நல்லாருக்கும்" என்றாள். ரஞ்சிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "பேசாமப் போய் நின்னுட்டு வந்துரவாக்கா? எல்லாரும் சொல்றாகல்ல" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் திலகவதி எழுந்துவிட்டாள். காய்கறி வாங்கி வருகிறேன் என்று கிளம்பி, எதிர் டீக்கடையில் போன் இரவல் வாங்கி, ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். வைஷ்ணவி பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தாள், முகாம் அன்று காலையில்தான் திரும்புகிறாள். வந்ததும் கட்டாயம் சொல்கிறோம் என்றார்கள்.

முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில். பத்தரை மணி என்று போட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் பன்னிரண்டே காலுக்கு வந்தார். அதுவரை ஆறு பிள்ளைகளும் மேடைக்குப் பின்னால், முதுகில் ஆத்மநாதன் முகம் அச்சடித்த பனியனைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். மனநலத்துக்காக வந்தவர்களுக்கு உட்கார ஒரு நாற்காலி போடவில்லை. முன்வரிசை நாற்காலிகளில் துண்டு போட்டுப் பெரிய மனிதர்களுக்காக வைத்திருந்தார்கள். அதில் பாதிப் பேர் வரவே இல்லை. கூட்டம் சேர்க்க நாலு வேனில் பெண்களை அழைத்து வந்திருந்தார்கள். சாப்பாடு உண்டு, பேசி முடித்ததும் கைதட்ட வேண்டும், அவர்களுக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான்.

பிச்சைமுத்து புது வேட்டி சட்டை வைத்த கட்டைப்பையோடு முன்னால் உட்கார்ந்திருந்தான். ரஞ்சிதாவின் அம்மா சொர்ணவல்லி அவனுக்குப் பக்கத்தில், போட்டோவில் முகம் விழாதபடி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு இருந்தாள். பெற்ற பிள்ளையை ஒன்றரை வருஷம் கழித்துப் பார்க்க வந்தவளுக்குக் கேமராதான் முதலில் கண்ணில் பட்டது.

பொன்னாடைகள் போர்த்தி முடிய அரை மணி ஆனது. போர்த்தியவர்களுக்கே திரும்பப் போர்த்தினார்கள். பிறகு ஆத்மநாதன் மைக் பிடித்தார்.

"மாத்திரை இல்ல, மருந்து இல்ல. அன்பு ஒண்ணாலேயே ஒரு ஜீவனை மீட்டுக் குடும்பத்துக்கிட்ட ஒப்படைக்கிறேன். ரஞ்சித், வாப்பா. நாலு வார்த்தை பேசு."

வீட்டில் வைத்த பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். இத்தனை மாசமாக அவர் ரஞ்சிதா என்று கூப்பிட்டதெல்லாம் இந்த நிமிஷம் வரைக்கும்தான் செல்லும் போலிருக்கிறது.

ரஞ்சிதா மைக்கை வாங்கினாள். கை ஆடியதில் மைக் பல்லில் இடித்தது.

"எல்லாருக்கும் வணக்கம். நான் தூங்கி ஒம்பது நாள் ஆச்சு. என்னோட மாத்திரைய அய்யா பீரோவுல வச்சுப் பூட்டிட்டாரு. அதக் குடுக்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து நாலு வேன் பெண்களும் கைதட்டினார்கள்.

ஆத்மநாதன் மைக்கைப் பிடுங்கி, "உணர்ச்சிவசப்பட்டுருச்சு பிள்ளை" என்றார். பிச்சைமுத்து அதற்குள் மேடையேறிவிட்டான். சொர்ணவல்லியையும் கையைப் பிடித்து ஏற்றினான். போட்டோக்காரர், "அம்மா, கொஞ்சம் இங்கிட்டுத் திரும்பிக் கட்டிப்பிடிங்க" என்றார். சொர்ணவல்லி இங்கிட்டும் திரும்பவில்லை, அங்கிட்டும் திரும்பவில்லை.

ரஞ்சிதா அவளிடம் மட்டும் கேட்கும்படி சொன்னாள். "ஆத்தா, முடி எடுக்க மாட்டேன். சரண்யாகிட்டச் சொல்லிரு."

"ஒரு நாளைக்குத்தான, ஒத்துக்கிறக் கூடாதா? தங்கச்சிக்காக."

"போன தடவயும் ஒரு நாளுதான். அதுக்கு மறுநாளு நான் எப்படிக் கெடந்தேன்னு ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்தியா நீயி?"

சொர்ணவல்லி முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள்.

"என்ன பேச்சு வேண்டிக் கெடக்கு? கார் நிக்கிது. கோயில்ல ஆள் காத்துக் கெடக்காக" என்று பிச்சைமுத்து ரஞ்சிதாவின் மணிக்கட்டைப் பிடித்தான். ஒரு இழுப்பு இழுத்தான். ஒன்பது நாள் தூங்காத உடம்பு, அப்படியே இரண்டு எட்டு அவன் பின்னால் போய்விட்டது. அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகளா. ஒருத்தர் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டு வாசனை வந்துகொண்டிருந்தது.

திலகவதி பின்னாலிருந்து ஓடி வந்து ரஞ்சிதாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அப்படியே மேடையில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது இழுத்தால் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் இழுக்க வேண்டும். "இழுங்க மாமா. ரெண்டு மருமகளையும் சேத்துக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு மொட்டையா போட்ருவோம்" என்றாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிச்சைமுத்துவின் பிடி தளர்ந்தது. அடி வாங்கினால் தாங்குவான், நாலு பேர் சிரித்தால் தாங்க மாட்டான், அந்த ஜாதி மனுஷன்.

அந்த நேரத்துக்கு வைஷ்ணவி வந்துவிட்டாள். பஸ்ஸைவிட்டு இறங்கி நேராக வந்திருக்கிறாள், தோளில் ஊர்ப் பை தொங்கியது. மேடைக்கு வந்து, "கைய விடுங்க. அவங்களுக்குப் பத்தொம்பது வயசு. வர மாட்டேன்னு சொன்னதுக்கப்பறம் இழுத்தா போலீஸ்தான் பேசும்" என்றாள்.

"நீ யாரு?"

"இவங்க வைத்தியம் பாக்குற ஆஸ்பத்திரியில இருந்து வாரேன்."

பிறகு ஆத்மநாதன் பக்கம் திரும்பினாள். "பீரோ சாவி குடுங்க சார்."

"விழா முடியட்டும்மா."

"இப்பக் குடுங்க."

சிறப்பு விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "என்னய்யா சாவி அது? குடுத்து அனுப்புய்யா, எனக்கு அடுத்து ஒரு கடை தொறப்பு இருக்கு" என்றார். ஆத்மநாதன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். ஒன்பது நாளாக ஒரு பிள்ளை முன்னால் நடுங்கிக்கொண்டு நின்றபோது அசையாத கை, ஒரு கடை திறப்பு விழாவுக்கு நேரமாகிறது என்றதும் அசைந்தது. அந்தச் சாவியை வாங்கிக்கொண்டு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வைஷ்ணவி படி இறங்கியபோது, அவர் மைக் இல்லாமல் மெதுவாகச் சொன்னார்.

"வெளிய போனா காப்பகத்துக் கட்டிலுக்குத் திரும்பி வர முடியாது. நல்லா யோசிச்சுக்க."

"சரிங்கய்யா" என்றாள் ரஞ்சிதா. யோசிக்கவெல்லாம் அவளுக்குத் தெம்பில்லை.

முகாம் நிற்கவில்லை. காப்பகத்தில் மீதியிருந்த நாலு பேரில் ஒருத்தியைப் பிடித்து, வேன் பெண்களில் ஒரு அம்மாவைத் தாயாக நிறுத்தி, நடுவில் நின்று இரண்டு தலையிலும் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். மறுநாள் பேப்பரில் வந்தது. நன்றாகத்தான் வந்திருந்தது.

காப்பகத்துக்குப் போய் மாத்திரையும் போனும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர மூன்று மணி ஆனது. மனநல மருத்துவர் பார்த்துவிட்டு ரஞ்சிதாவை உள்நோயாளியாகச் சேர்த்தார். ஐந்து நாள் இருந்தாள். முதல் இரண்டு நாள் தூங்கினாள், எழுந்து கஞ்சி குடித்தாள், தூங்கினாள். திலகவதி கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக்கொண்டாள்.

அந்த ஐந்து நாளும் வைஷ்ணவி வேலை முடிந்து வீடு தேடினாள். எல்லாரும் நல்லவர்கள்தான், பாவம். காலியில்லை என்று ஒருத்தர். சொந்தக்காரர் வருகிறார் என்று ஒருத்தர். எனக்கு ஆட்சேபணை இல்லை, அக்கம்பக்கம்தான் என்று ஒருத்தர். அந்த அக்கம்பக்கத்தைப் போய்க் கேட்டால், எங்களுக்கென்ன, வீட்டுக்காரர்தான் என்பார்கள். ஏழு வீடு இப்படிப் போனது. எட்டாவதாக ஒரு எண்ணெய்ச் செக்குக்குப் பின்னால் ஒற்றை அறை கிடைத்தது. கக்கூஸ் வெளியே. செக்குக்காரம்மா, "சத்தமா இருக்கும், தாங்குவீகளா?" என்று மட்டும் கேட்டாள். திலகவதி, "நாங்க போடுற சத்தத்த நீங்க தாங்குவீகளா?" என்றாள். அப்படிக் குடி போனார்கள்.

ஆனால் ரஞ்சிதாவின் மனசு அந்த அறைக்குள் அடங்கவில்லை. பரிசம் என்ன ஆனதோ. தன் முடிக்காகத் தங்கச்சி வாழ்க்கை போய்விட்டதோ. மாத்திரை போட்டும் இந்த ஒரு கேள்வி விடியற்காலையில் எழுப்பிவிட்டுவிடும். வைஷ்ணவியிடம் சொன்னாள். "தெரியாம இருக்கிறதுதான் ஒன்னையத் திங்கிது. கேக்கலாமில்ல?" என்றாள் அவள். கேட்கப் பயமாக இருந்தது.

பரிசம் முடிந்த மூன்றாம் நாள், செக்கு ஓடிக்கொண்டிருந்தபோது, சரண்யாவே பேசினாள். ரஞ்சிதா போனை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

"பரிசம் என்னாச்சு?"

"போட்டாச்சு. சேலை பச்சைக் கலரு. எனக்குப் பிடிக்கல."

"என்னாலதான் அவுக..."

"ஒன்னால ஒண்ணுமில்ல. அவுக பிளெக்ஸும் பாக்கல, ஒரு மண்ணும் பாக்கல. பாத்ததெல்லாம் மாமாதான். ஒன்னையப் பத்திக் கட்டிக்கப்போறவர்ட்ட நான் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே சொல்லிட்டேன். சரின்னாரு."

ரஞ்சிதா தெருவில் நின்றாள். பிச்சைமுத்து என்கிற அந்தப் புழு, தன் ஒருத்தனுடைய வெட்கத்தை மறைக்க, ஒரு கல்யாணத்தையே முறிகிறதென்று சொல்லி அவள் உயிரோடு விளையாடியிருக்கிறான். அதை ஒரு டாக்டர் உட்கார்ந்து கேட்டு, நியாயம் பேசியிருக்கிறார்.

சரண்யா இன்னொன்றும் சொன்னாள். "கல்யாணத்துக்கு ஒன்னையக் கூப்பிட முடியாதுக்கா. மாமா இருக்காரு, அவுக வீட்டுப் பெருசுக இருக்காக. எனக்கு அம்புட்டுத் தெம்பு இல்ல. தப்பா நெனைக்காத."

அக்கா என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. வராதே என்று சொல்வதற்காகச் சொன்னாள். ரஞ்சிதாவுக்கு அதில் எதைப் பிடித்துக்கொள்வது, எதை விடுவது என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி. மாப்பிள்ளை என்ன நெறம்?"

"கறுப்பு. சிரிச்சா நல்லாருக்கு."

"போட்டோ அனுப்பு."

"அனுப்புறேன். நீயும் அனுப்பு. முடி எம்புட்டு வளந்துருக்குன்னு பாக்கணும்."

உள்ளே திலகவதி, தெருவில் நின்று யாரிடமடி இளித்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ரஞ்சிதா பதில் சொல்லாமல் போனைத் தூக்கிப் பிடித்து, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.